பொடிப் பக்கத்துக்குப் போகும் வழி

அருப்புக்கோட்டை பஜாரில் இன்னும் சிலர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அந்தக் குடும்பத்தில் அண்ணனும் தங்கையும் பிரிந்ததற்கு நான் போட்டுக் கொடுத்த சைட் மேப்தான் காரணம் என்று. என் காதுபடவே சொல்வார்கள். நான் திருத்தப் போவதில்லை. அவர்கள் எப்போதோ பிரிந்துவிட்டவர்கள். காகிதத்தில் பெட்டி பெட்டியாக வரைந்தபோது அது எல்லோர் கண்ணிலும் பட்டது, அவ்வளவுதான்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் இணையதளத்தில் என்னென்ன பக்கங்கள் இருக்க வேண்டும், எது எதற்குக் கீழே வரும், முகப்பில் எதைத் தொட்டால் எங்கே போகலாம் என்பதைத் தளம் கட்டுவதற்கு முன்பே வரைந்து கொடுப்பது. வீட்டுக்குப் பிளான் போடுவது போலத்தான். தளம் கட்டி முடிந்த பிறகும் அந்த மேப்புக்கு வேலை இருக்கும். தளத்தின் அடியில் எல்லாப் பக்கங்களின் பெயரையும் ஒரே இடத்தில் வரிசையாகப் போட்டு வைப்போம்; மெனுவில் வழி தெரியாதவர்கள் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அதுபோக, ஆட்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோப்பாகவும் அதை வைப்போம். தேடுபொறிகள் வந்து அதைப் படித்துவிட்டுப் போகும். அதில் விட்டுப்போன பக்கத்தை அவை கண்டுபிடிக்க நாளாகும். சில பக்கங்களைக் கண்டுபிடிக்காமலே விட்டுவிடும்.

சென்னையில் ஒரு கம்பெனியில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். அப்பா இறந்த பிறகு அம்மாவைத் தனியாக விட முடியாமல் எம்.ரெட்டியபட்டிக்கே திரும்பி வந்துவிட்டேன். எங்களுடையது பிறர் காட்டில் களை எடுத்தும் பருத்தி எடுத்தும் பிழைத்த குடும்பம். அப்பா கடைசிவரை லாரியில் லோடு ஏற்றினார். அம்மா காட்டு வேலையை விட்டுவிட்டு அருப்புக்கோட்டையில் ஓர் அக்காவிடம் மசாலாப் பொடி தயாரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுவது, மல்லி புடைப்பது, வறுப்பது, பாக்கெட் போடுவது. பரளச்சிப் பக்கத்திலிருந்தும் எங்கள் ஊரிலிருந்தும் ஏழெட்டுப் பெண்கள் காலையில் சேர் ஆட்டோவில் போவார்கள்.

அந்த அக்கா பஜாரின் பெரிய வியாபாரக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி வெளியூர் போய், புருஷன் இறந்து, பெண் குழந்தையோடு திரும்பி வந்தவர். அண்ணன், தம்பி இருவரும் அவருக்குத் தங்கள் மிளகாய் மண்டிக்குப் பின்னால் இருந்த பழைய குடோன் ஒன்றைக் கொடுத்து, பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அக்கா அதில் வறுக்க ஆரம்பித்தார். குழம்புப் பொடி, பருப்புப் பொடி, கருவேப்பிலைப் பொடி. இந்தப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் வீடுகளுக்கு அந்தப் பொடி கூரியரில் போனது.

குடும்பத்தின் எல்லாத் தொழிலுக்கும் சேர்த்து ஒரே இணையதளம் வேண்டும் என்று அண்ணனான பெரியவர் சொன்னபோது, அக்காதான் என்னைச் சொல்லியிருக்கிறார். "நம்மகிட்ட வேலை பாக்குறாகல்ல, அவுக மக சென்னையில இதத்தான் படிச்சிட்டு வந்திருக்கா" என்று.

மிளகாய் மண்டிக்கு மேலே மாடியறையில் கூடினோம். கீழே வத்தல் மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போதெல்லாம் மேலே இருப்பவர்களுக்குத் தும்மல் வரும். பெரியவரை நானும் எல்லோரையும் போல அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். மண்டி, பருப்பு மில், பெட்ரோல் பங்க் மூன்றும் அவர் பார்ப்பது. சின்னவருக்கு ஜவுளிக்கடை. கல்யாண மண்டபம் பொது. எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது. எனக்குப் பேப்பர் கப்பில் வந்தது. அதை யாரும் யோசித்துச் செய்திருக்க மாட்டார்கள். யோசிக்காமல் செய்வதுதான் எனக்கு அதிகம் வலிக்கும்.

சைட் மேப் போடும்போது நான் எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். ஒவ்வொரு தொழிலையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேசையில் பரப்பி, வாடிக்கையாளர்கள் எதைத் தேடி வருவார்கள் என்று யோசித்து, அந்த வரிசையில் அடுக்கச் சொன்னேன். யாரும் வாடிக்கையாளர்களை யோசிக்கவில்லை. அண்ணாச்சி மண்டியை எடுத்து மேலே வைத்தார். மூத்தவன் தொழில் முதலில் வர வேண்டும் என்றார். சனங்கள் அதிகம் வருவது ஜவுளிக்கடைக்குத்தான் என்று சின்னவர் தன் காகிதத்தை அதற்குப் பக்கத்தில் நகர்த்தினார். அண்ணாச்சி அதை விரலால் தள்ளிக் கீழே இறக்கினார். சின்னவர் மறுபடி ஏற்றினார். கொஞ்ச நேரம் அந்தக் காகிதம் மேலும் கீழும் போய் வந்தது. கடைசியில் மண்டி, மில், ஜவுளி, பங்க், மண்டபம் என்று முடிவாயிற்று.

பொடி என்று எழுதிய காகிதம் மட்டும் மேசையில் மிஞ்சியது. அக்கா கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, 'பிற' என்று ஒரு தலைப்பைப் போட்டு, லாரி எடை மேடை, தண்ணீர் வண்டி வாடகை, இரண்டுக்கும் கீழே வைக்கச் சொன்னார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் இதற்காகத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். "அண்ணாச்சி, மண்டிக்கு வாரவுக போன்லதான் பேசுவாக. இன்டர்நெட்டுல தேடி வாரவுக பொடியத் தேடித்தான் வருவாக. அது மொதத் தட்டுலயே தெரியணும்" என்றேன்.

அவர் சிரித்தார். "பாப்பா, நீ மேப்பு போட வந்தியா, எங்க குடும்பத்துக்கு நாட்டாமை பண்ண வந்தியா?"

சின்னவரும் சிரித்தார். கணக்குப்பிள்ளையும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்காமல், "அண்ணன் வைக்கிற எடத்துல இருக்கட்டும் புள்ள" என்றார்.

கீழே இறங்கி வரும்போது மாடிப்படியில் அக்கா என்னை நிறுத்தினார். அடியில் கிடந்தாலும் தேடுகிறவர்களுக்குக் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றேன். மெனுவில் எங்கே வைத்தால் என்ன, எல்லாப் பக்கங்களையும் போடுகிற வரிசையில் பொடியும் இருக்கும், தேடுபொறி படிக்கிற கோப்பிலும் இருக்கும் என்று விளக்கினேன். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். "சரி, நீ பாத்துக்க" என்று என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுக் குடோனுக்குப் போனார்.

நான் பொடிக்குச் சலுகை எதுவும் காட்டவில்லை. மண்டியை எப்படி எழுதினேனோ அப்படித்தான் பொடியையும் எழுதினேன். எந்தப் பக்கத்தையும் மறைக்கவில்லை. ஆனால் மண்டியைத் தேட உலகத்தில் ஆளில்லை. பொடியைத் தேட ஆள் இருந்தது. பெங்களூரில் யாரோ ஒருவர் தன் சமையல் குறிப்பில் அக்காவின் குழம்புப் பொடிப் பக்கத்தை இணைத்திருந்தார். அதைப் பார்த்து வேறு சிலர் இணைத்தார்கள். அக்கா பாக்கெட்டின் பின்பக்கம் ஸ்கேன் செய்கிற சதுரத்தை அச்சடித்து அதே பக்கத்துக்கு வழி வைத்தார். அடுத்த வருடம் குடும்பத்தின் பெயரைத் தேடினாலே முதலில் பொடிதான் வந்தது. எடை மேடைக்குக் கீழே கிடந்த பக்கம்.

மாதம் ஒருமுறை தளத்துக்கு யார் யார் எந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்று அண்ணாச்சியிடம் காட்டுவேன். மண்டிக்கு எத்தனை பேர் என்று கேட்பார். சொல்வேன். முகம் மாறும். பொடிக்கு எத்தனை பேர் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பிறகு ஒரு கல்யாணம் நடந்தது. அவர்கள் சொந்தத்தில், மதுரையில். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஒருவர் அண்ணாச்சியிடம் வந்து, "நீங்க அந்தப் பொடிக்காரம்மாவோட அண்ணனா?" என்று கேட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். ஊரே எழுந்து நின்று வணக்கம் சொல்லும் ஆளை, தங்கையின் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார். அக்கா இதை எங்களிடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் வத்தலைக் கிள்ளிக்கொண்டே, "அவுகளுக்கு அது சிரிப்பா இருந்திருக்காது" என்றாள்.

பொங்கல் கழிந்து அண்ணாச்சி அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். இனிமேல் பொடிக்குக் குடும்பப் பெயரைப் போட வேண்டாம், தனியாக ஒரு பெயர் வைத்துக்கொண்டு தனியாகவே நடத்திக்கொள் என்றார். குடோனை வைத்துக்கொள்ளவும் சொன்னார். அக்கா அதை விடுதலை என்று எடுத்துக்கொண்டார். குடோனுக்கு வந்து எல்லோருக்கும் சேவும் மிச்சரும் வாங்கிக் கொடுத்தார்.

அக்காவுக்கென்று தனித் தளம் கட்டிய அந்தச் சில வாரங்கள்தான் இந்த வேலையில் எனக்குக் கிடைத்த நல்ல நாட்கள். குடோன் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து மறுபடியும் காகிதங்களைப் பரப்பினோம். இந்த முறை அக்கா தானே அடுக்கினார். எந்தப் பொடியின் பெயரும் மேலே வரவில்லை. சோத்துக்கு, இட்லிக்கு, குழம்புக்கு, மருந்துக்கு என்று நான்கு தலைப்பு வைத்தார். பசியோடு வருகிறவர்கள் பெயரையா தேடுவார்கள், எதில் போட்டுப் பிசைவது என்றுதான் தேடுவார்கள் என்றார். எத்தனையோ கம்பெனிகளில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசி முடிவுக்கு வராத விஷயத்தை அக்கா ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டார். நான் அதில் எதையும் மாற்றவில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் எங்கள் கையில் இல்லை. அக்காவின் பழைய பக்கம் குடும்பத் தளத்தில் இருந்தது. விற்ற பாக்கெட்டுகளில் எல்லாம் அந்த முகவரிதான். சமையல் குறிப்புகளில் எல்லாம் அந்த முகவரிதான். அந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களை அக்காவின் புதுத் தளத்துக்குத் திருப்பிவிட வேண்டும். ரீடைரக்ட் என்போம். ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அந்தத் தளம் அண்ணாச்சியின் பெயரில் இருந்ததால் அவர் சம்மதம் வேண்டும்.

நானே போய்க் கேட்டேன். பொடிப் பக்கத்துக்கு வருகிறவர்களைப் பொடிக்கே திருப்பிவிட வேண்டும் அண்ணாச்சி என்றேன். அவர் மண்டியில் வத்தலைக் கையில் எடுத்து முகர்ந்துகொண்டிருந்தார். "அதுக்கென்ன, செஞ்சிருவோம். நம்ம தங்கச்சிதான" என்றார். நான் அந்த இடத்திலேயே அக்காவுக்குப் போன் போட்டு, அண்ணாச்சி சரி சொல்லிவிட்டார் என்று சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டார். திருச்சுழி ரோட்டில், மனைவி பெயரில் புதிதாக மசாலா யூனிட் ஒன்று போட்டிருக்கிறார். மெஷினே வறுத்து, மெஷினே அரைத்து, மெஷினே பாக்கெட் போடும் யூனிட். இந்தத் தகவலே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பழைய பொடிப் பக்கத்தைத் திறந்தால் அந்த யூனிட்டின் பொடிப் பக்கம் வர வேண்டும் என்றார்.

"அக்கா பக்கத்துக்குத் திருப்புறதாத்தான அண்ணாச்சி பேசுனோம்" என்றேன்.

"யாரு பேசுனா? பொடிக்குத் திருப்பணும்னு நீ கேட்ட. நான் சரின்னேன். எந்தப் பொடின்னு நான் சொன்னனா?"

  "என்னால முடியாது அண்ணாச்சி" என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபமே வரவில்லை. "சரிம்மா, ஒனக்குக் கஷ்டம்னா வேணாம்" என்றார். இனி மதுரையில் ஒரு கம்பெனி தளத்தைப் பார்த்துக்கொள்ளும், அதன் சைட் மேப்பையும் பாஸ்வேர்டுகளையும் அவர்களிடம் ஒப்படைத்துவிடு என்றார். அவையெல்லாம் அவருடையவை. கூலி கொடுத்து வாங்கியவை. கொடுக்காமல் இருக்க எனக்கு உரிமை இல்லை. கொடுத்தேன்.

அங்கிருந்து நேராக அக்காவிடம் போனேன். அண்ணாச்சி என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பெரிய கரண்டியால் மல்லியைக் கிண்டிக்கொண்டே கேட்டார். "எங்கண்ணன் கோவக்காரகதான். ஆனா எஞ்சோத்துல கை வைக்க மாட்டாக. நீ தப்பா வெளங்கிக்கிட்டிருப்ப" என்றார். அடுப்பை அணைத்துவிட்டு மறுபடியும், "அப்படிச் செய்ய மாட்டாக" என்றார். அதன் பிறகு என்னோடு பேச அவருக்கு விருப்பமில்லை என்று தெரிந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

மதுரைக் கம்பெனியிலிருந்து ஒருவர் போன் செய்தார். சந்தேகம் எதுவும் கேட்பதற்காக அல்ல, பாராட்டுவதற்காக. "மேடம், உங்க சைட் மேப் ரொம்ப நீட்டா இருந்துச்சு. எந்தப் பக்கத்துக்கு என்ன முகவரி, எங்கேருந்தெல்லாம் ஆள் வராங்க, எல்லாம் எழுதியிருந்தீங்க. எங்களுக்கு வேலையே இல்ல" என்றார். நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். தளம் யார் கைக்குப் போனாலும் குழப்பம் இல்லாமல் வேலை செய்ய வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யார் கைக்கு என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

முதலில் தெரியவந்தது பெங்களூரிலிருந்து வந்த ஒரு போனில். பழைய வாடிக்கைக்காரம்மா ஒருவர், பொடியில் ருசி மாறிவிட்டதே, மல்லி வாசமே இல்லையே என்று அக்காவிடம் வருத்தப்பட்டிருக்கிறார். அந்த மாதம் அவருக்கு அக்கா பொடியே அனுப்பவில்லை. கேட்டபோது, பாக்கெட்டில் இருந்த சதுரத்தை ஸ்கேன் செய்து எப்போதும் போலத்தான் வாங்கினேன் என்றிருக்கிறார். அக்கா தன் பாக்கெட்டைத் தானே ஸ்கேன் செய்து பார்த்தார். அண்ணன் யூனிட்டின் மஞ்சள் பாக்கெட் திரையில் வந்து நின்றது. அதற்கு மேலே, பல தலைமுறைக் கைப்பக்குவம் என்று எழுதியிருந்தது.

என்னைக் கூட்டிக்கொண்டு மண்டி மாடிக்குப் போனார். நான் போகாமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அண்ணாச்சியும் சின்னவரும் இருந்தார்கள்.

"அண்ணே, என் பாக்கெட்ட ஸ்கேன் பண்ணுனா ஒங்க பொடி வருது" என்றார் அக்கா. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அந்த முகவரி எம்பேர்ல இருக்குத்தா. எந்தச் சொத்து யாரு பேர்ல இருக்கோ அவுகதான அனுபவிப்பாக."

"அதுல வாரவுக என் கைப் பொடியத் தேடி வாராக."

"வந்து என் பொடிய வாங்குறாகல்ல. புடிக்கலன்னா வாங்குவாகளா?"

அக்கா தம்பியைப் பார்த்தார். சின்னவர் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தேட ஒன்றும் இருந்திருக்காது.

அப்போதுதான் அண்ணாச்சி மேசை டிராயரைத் திறந்து நான் போட்ட சைட் மேப்பின் அச்சுப் பிரதியை எடுத்தார். மதுரைக் கம்பெனிக்குக் கொடுத்த அதே பிரதி. மூலையில் என் பெயர் இருந்தது. பொடிப் பக்கத்தைச் சுற்றி யாரோ சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, யூனிட் பக்கத்துக்கு அம்புக்குறி இழுத்திருந்தார்கள். அதை அக்காவின் பக்கம் தள்ளினார். "வழியெல்லாம் போட்டுக் குடுத்தது இந்தப் பிள்ளதான். அவகிட்டயே கேட்டுக்க" என்றார்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வழியெல்லாம் போட்டது நான்தான். அந்த வட்டமும் அம்பும் என்னுடையவை அல்ல என்று சொன்னேன். முடியாது என்று அவரிடமே சொன்னதை அவரை வைத்துக்கொண்டே சொன்னேன். அண்ணாச்சி மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. என்னை இரக்கத்தோடு பார்ப்பது போலப் பார்த்தார்.

அக்கா அந்தக் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ முடியாதுன்னு சொன்னது நெசந்தானா புள்ள?" என்று கேட்டார். நிஜம்தான் அக்கா, அன்றைக்கே உங்களிடம் வந்து சொன்னேனே என்றேன். "சொன்ன" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முன்னாலேயே சொன்னாய் என்றா, இதில் உனக்கும் பங்கு இருந்ததால்தான் முன்னாலேயே தெரிந்திருக்கிறது என்றா. எனக்காக நிற்காமல் படி இறங்கிப் போய்விட்டார்.

பிறந்த நாள் முதல் அண்ணனாக இருந்தவர் தன் சோற்றில் கை வைத்தார் என்று நம்புவதைவிட, கூலிக்காரி மகள் காட்டிக் கொடுத்தாள் என்று நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் அப்படித்தான் நினைக்கிறேன். நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். அவரிடம் கேட்க எனக்கு வாய்க்கவில்லை.

புதுத் தளத்துக்கு என்னால் முடிந்ததை எல்லாம் செய்தேன். அதன் சைட் மேப்பைத் தேடுபொறிகளுக்குக் கொடுத்தேன். சமையல் குறிப்பு எழுதியவர்களைத் தேடிப் பிடித்து முகவரியை மாற்றச் சொல்லி எழுதினேன். ஒருவர் மாற்றினார். மற்றவர்கள் பதில்கூடப் போடவில்லை. இவ்வளவு நாளாக ஊரெல்லாம் ஒரு முகவரியைக் காட்டிக்கொண்டிருந்தால் தேடுபொறி அந்த முகவரியைத்தான் நம்பும். புதுத் தளத்தில் சோத்துக்கு, இட்லிக்கு என்று அழகாக எல்லாம் இருந்தது. வருவதற்குத்தான் ஆளில்லை. நான் போன் செய்தால் அக்கா எடுப்பதை நிறுத்தினார். குடோனில் முதலில் பரளச்சிப் பெண்களை வர வேண்டாம் என்றார். பிறகு எங்கள் ஊர்ப் பெண்களை. கடைசியாக அம்மாவை.

எனக்கும் பஜாரில் வேலை வருவது நின்றுபோனது. வீரசோழனில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்பவர் ஒருவர் தளம் கட்ட வேண்டும் என்று இரண்டு முறை வரச்சொல்லிப் பேசியிருந்தார். மூன்றாவது முறை போனில், "அண்ணாச்சி ஒன்னும் சொல்லலம்மா. ஆனா நாளைக்கு நான் அவுக மூஞ்சில முழிக்கணும்ல" என்றார். வெளிப்படையாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். இப்போது எனக்கு வேலை தருவதெல்லாம் நான் பார்க்கப்போகாத ஊர்களின் கம்பெனிகள். அவர்களின் பக்கங்களை வரிசைப்படுத்திக் கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் கரண்டு போகாமல் இருந்தால் அவர்களுக்குப் போதும்.

அந்த வருடம் மழை பொய்த்தது. எங்கள் பக்கம் விதைத்த மல்லி முளைத்த இடத்திலேயே காய்ந்தது. காட்டு வேலை எதுவும் இல்லை. அண்ணாச்சியின் யூனிட்டிலிருந்து வேன் ஒன்று பரளச்சி வரை போய், திரும்பும்போது எங்கள் ஊர் வழியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தது. வறுக்கிற பதம் தெரிந்த ஆள் வேண்டும் என்று அம்மாவைத் தேடி வந்தார்கள்.

போகக் கூடாது என்றேன். நான் சம்பாதிப்பது இரண்டு பேருக்குப் போதும் என்றேன்.

"நீ சோறு போடுவ, சரி. நான் பகலெல்லாம் செவத்தப் பாத்துக்கிட்டு இருக்கவா?" என்றாள் அம்மா. "அவுக சண்ட அவுகளுக்கு. இன்னிக்கு அடிச்சுக்குவாக, நாளைக்கு ஒரே பந்தில ஒக்காந்து திம்பாக. நடுவுல நிக்கிறது நாமதான்." மறுநாள் காலையில் தூக்குச் சட்டியோடு கிளம்பிப் போனாள். யூனிட்டில் நீல நிற மேலங்கி கொடுத்திருந்தார்கள். முதுகில் குடும்பத்தின் பெயர் இருந்தது.

ஒருநாள் குடும்பத் தளத்தைத் திறந்து பார்த்தேன். திறந்திருக்க வேண்டியதில்லை. மெனுவில் மண்டிக்கு மேலே, ஜவுளிக்கு மேலே, எல்லாவற்றுக்கும் மேலே முதலாவதாகப் பொடி இருந்தது. அதற்குக் கீழே நான்கு தலைப்பு. சோத்துக்கு, இட்லிக்கு, குழம்புக்கு, மருந்துக்கு. பக்கத்தை மூடிவிட்டுப் போய் முகம் கழுவினேன்.

அக்காவை நான் கடைசியாகப் பார்த்தது அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில். ஒரு சாயங்காலம் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போவதற்காக அங்கே காத்திருந்தேன். அக்கா இரண்டு பெரிய பைகளோடு நின்றிருந்தார். மகள் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு ஹாஸ்டலில் சமையலை மேற்பார்க்கும் வேலைக்குப் போகிறார் என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். கிட்டே போகலாமா என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே யூனிட் வேன் வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. அம்மா அந்த நீல மேலங்கியோடு இறங்கினாள்.

அக்காவைப் பார்த்ததும் அம்மாவின் கை தானாக மேலங்கியின் பட்டனுக்குப் போனது. கழற்ற முடியவில்லை. அக்கா அம்மாவிடம் நல்லாருக்கியா என்று கேட்டார். அம்மா இருக்கேன் என்றாள். அக்காவின் கண் என் மேல் வந்து நின்றது. ஆனால் அம்மாவிடம்தான் கேட்டார்.

"ஒம் மகளுக்கும் அங்கனதான் வேலையா?"

"இல்லத்தா. அவ வீட்ல இருந்து பாக்குறா."

"ம்" என்றார். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அவர் குனிந்து பைகளை எடுத்துக்கொண்டு மதுரை பஸ்ஸில் ஏறினார். எங்களுக்குத் தெரியாத மறுபக்கத்து ஜன்னல் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

டாக்டரைப் பார்த்துவிட்டு சேர் ஆட்டோவில் ஊருக்குத் திரும்பினோம். அவுக ரொம்ப எளச்சுப் போனாக என்றாள் அம்மா. நீ போய்ப் பேசியிருக்கலாம் என்றாள்.  அம்மாவின் சேலையிலிருந்து வறுத்த வத்தல் நெடி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையிலும் வேன் வந்தது. அம்மா போனாள்.